நீரூற்றுக்குக் கிடைக்காத ஆமென்

1

இந்தக் கதை ஒரு சண்டையில் பிறந்தது. அன்றைக்கு மாநகராட்சிக் கூட்டத்தில் நடந்ததெல்லாம் தானாக நடந்தது என்கிறாள் என் பொண்டாட்டி லோயிஸ். நான் நம்பவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் கிதியோன். தமிழ்நாட்டிலிருந்து பிழைக்க வந்து, செகந்திராபாத் கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கியவன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு தீர்ந்தது. வாக்கியம் எங்கேயாவது நொண்டினால் பொறுத்துக்கொள்ளுங்கள். பொறுக்காவிட்டாலும் எனக்கு நஷ்டமில்லை.

தொடக்கத்தை எப்படியெப்படியோ எழுதிப் பார்த்தேன்.

"மாலைச் சூரியன் உசேன் சாகர் ஏரியில் பொன்னை உருக்கி..." (வேண்டாம். கூட்டம் நடந்தது காலையில். பொன்னை உருக்கி நான் பார்த்ததும் இல்லை.)

"உள்ளாட்சி என்பது மக்களுக்காக மக்களே..." (இது ரேடியோ பேசுகிறது.)

"நர்ஸ் ருக்மிணியின் வேலை போகப்போகிறது என்று எங்கள் தெருவுக்குத் தெரிந்துவிட்டது." இது உண்மை. நிற்கட்டும்.

2

1967 என்று வையுங்கள். எங்கள் பேட்டையில் மாநகராட்சியின் பிரசவ விடுதி ஒன்று இருந்தது. இரண்டு அறை, ஒரு நர்ஸ். அரசு மானியத்தில் சம்பளம். தற்காலிக வேலை என்பதால் ஒவ்வொரு வருஷமும் கமிட்டி பார்த்து நீட்டிக்க வேண்டும். நர்ஸ் போனால் விடுதியை மூடிவிடுவார்கள். பிறகு வலி எடுத்தவளை ஜட்காவில் ஏற்றி, ரயில்வே கேட் திறக்கும்வரை காத்திருந்து, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். என் மருமகள் ஜெயசுந்தரிக்கு அப்போது நிறைமாதம்.

இந்த ருக்மிணியை எப்படி எழுதுவது என்பதில் எனக்குத் தகராறு. கருணையே உருவானவள் என்று எழுதினால் உங்களுக்குப் பிடிக்கும். ஆனால் அவள் பிரசவ வலியில் துடிக்கிறவளையே, "கத்தாதடி, பக்கத்து ரூம்ல குழந்தை தூங்கறது!" என்று அதட்டுவாள். என்னை ஒருமுறை வாசலிலிருந்து விரட்டியிருக்கிறாள். எனக்கு அவளைப் பிடிக்காது. அவள் கையில் ஒரு தாயும் சாகவில்லை. இரண்டையும் எழுதிவிட்டேன்.

3

வார்டு வேலைகளைப் பரிசீலிக்கும் கமிட்டி ஒரு பள்ளிக்கூட ஹாலில் கூடியது. பொதுமக்கள் பின்பெஞ்சில் உட்காரலாம், பேசக்கூடாது. எங்கள் சபையின் மாதர் சங்கம் மொத்தமும் லோயிஸோடு வந்து அந்தப் பெஞ்சுகளை நிரப்பியது. ஜெயசுந்தரியும் கூட. துணைக்கு நான்.

தலைவர் (பெயர் எழுத மாட்டேன், பேரன்கள் சண்டைக்கு வருவார்கள்) ஒவ்வொரு தீர்மானத்தையும் இங்கிலீஷில் வாசித்தார். எங்கள் ஐயர்* ஜெபம் பண்ணுகிற மாதிரியே நீட்டி இழுத்து, கடைசியில் குரலைத் தாழ்த்தி நிறுத்தினார். முதல் தீர்மானம் சாக்கடை ரிப்பேர். குரல் தாழ்ந்ததும் பின்பெஞ்சு முழுக்க ஒரே சத்தமாக:

"ஆமென்!"

(*ஐயர் என்றால் எங்களுக்குப் பாதிரியார், கோயில் என்றால் சர்ச். அவர் குரல் தாழ்ந்தால் எங்கள் வாய் தானாகத் திறக்கும். பிறந்ததிலிருந்து பழக்கம்.)

ஹால் சிரித்தது. தலைவரும் கண்ணாடியைக் கழற்றிச் சிரித்தார். "ஹவ், ஹவ்! பாஸ்!" (ஹைதராபாத் உருதுவில் ஹவ் என்றால் ஆமாம்.)

அடுத்தது தெருவிளக்கு. ஆமென். மார்க்கெட்டுக்குப் புதிதாகத் துப்புரவு ஆட்கள். ஆமென். தலைவருக்கு ருசி தட்டிவிட்டது. வாசித்து முடித்ததும் பின்பெஞ்சைப் பார்க்க ஆரம்பித்தார்.

நான் லோயிஸின் சேலையை இழுத்தேன். "ஏட்டி, இது கோயில் இல்ல."

"தெரியும். சும்ம இருங்க."

(தெரியும் என்றாள். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.)

4

அப்புறம் அந்தத் தீர்மானம் வந்தது, இந்தமுறை மளமளவென்று. நடுவில் ருக்மிணியின் பெயர் கேட்டது. தலைவர் குரலைத் தாழ்த்தி நிறுத்தினார். பின்பெஞ்சைப் பார்த்தார்.

சத்தமே இல்லை. இருமல்கூட இல்லை.

"கைக்கு அம்மா? ஆமென் நக்கோ?" என்றார். ஏன் அம்மா, ஆமென் வேண்டாமா என்று அர்த்தம்.

லோயிஸ் எழுந்தாள். "ஐயா, மத்ததெல்லாம் நிதானமா வாசிச்சீங்க. இத மட்டும் ரயிலுக்கு ஓடுத மாதிரி வாசிச்சீங்க. ருக்மிணி பேரு வேற வருது. என்னன்னு தமிழ்ல சொல்லச் சொல்லுங்க. ஆமென் சொல்லலாமா வேண்டாமான்னு பாக்கோம்."

தமிழ் தெரிந்த உறுப்பினர் சாரங்கபாணி ஒருவர்தான். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "ஒண்ணுமில்லேம்மா. நர்ஸ் போஸ்ட்டை எடுத்துட்டு, அந்த மானியத்தைப் பூங்காவுல நீரூற்று வைக்க மாத்தறா. ஊருக்கு அழகு பாருங்கோ."

ஜெயசுந்தரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு பெஞ்சிலிருந்து எழுந்தாள். வீட்டில் அவள் குரலே கேட்காது. "அப்ப நான் அந்த நீரூத்துலயா அத்தை பெறணும்?"

சாரங்கபாணி சிரித்துவிட்டார். என்ன என்று எல்லோரும் கேட்க, தெலுங்கில் ஒருதரம், உருதுவில் ஒருதரம் சொன்னார். மேசைகள் அதிர்ந்தன. உறுப்பினர்கள் ஒவ்வொருவராக, "நர்ஸ் இருக்கட்டும்" என்று கை தூக்கினார்கள். தலைவர் தீர்மானத்தின் குறுக்கே பேனாவால் ஒரு கோடு போட்டார். புதிதாக எழுதினார்: விடுதி தொடரும், மானியம் அங்கேயே, ருக்மிணிக்கு நிரந்தர வேலை, கூட ஓர் ஆயா. நிறுத்தி, நிதானமாக, இழுத்து வாசித்தார். குரலைத் தாழ்த்தினார்.

ஆமென் என்றால் அது ஆமென். முன்வரிசையில் ஒரு முஸ்லிம் உறுப்பினர் "ஆமீன்" என்றார். சாரங்கபாணியின் வாயும் அசைந்தது. என் குரலும் அதில் இருந்தது. திரும்பும்போது பெண்கள் நடுரோட்டில் பாடிக்கொண்டே நடந்தார்கள், பஸ்கள் ஒதுங்கிப் போயின.

5

என் மகன் இதைப் படித்துவிட்டு, "அப்பா, கடைசியில ஒரு துக்கம் இருந்தாத்தான் கதை" என்றான். அவன் சொல்கிற முடிவுகள்:

(அ) உத்தரவு வரவே இல்லை...

(ஆ) வந்தது, ஆனால் ருக்மிணியை வேறு ஊருக்கு...

அடித்துவிட்டேன். உத்தரவு வந்தது. நானும் சந்தேகப்பட்டு, விடுதிக்குப் போய், ஆயா தரை கழுவுவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் நம்பினேன். ஜெயித்ததை ஜெயித்தது என்று எழுத எனக்கு வெட்கமில்லை.

லோயிஸிடம் மறுபடி கேட்டேன். "திட்டம் போட்டுத்தான செஞ்ச?"

"கர்த்தர் செஞ்சாரு."

"அவருக்கு இங்கிலீஷ் தெரியும். ஒனக்கு?"

"எழுதுததுதான் எழுதுதீய, நல்லா எழுதுங்க" என்று அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஆகவே திட்டமா, தற்செயலா என்பதை என்னால் முடிக்க முடியாது. இன்னொன்றையும் முடிக்கப்போவதில்லை. அதே 1967-க்குத் திரும்புங்கள்: ஜெயசுந்தரிக்கு வலி எடுத்துவிட்டது. தெருவைத் தாண்டி நடந்தே வந்துவிட்டாள். விடுதியில் ருக்மிணி கை கழுவிக்கொண்டிருக்கிறாள். இதற்கு மேல் நீங்கள் எழுதுங்கள். ஆணா பெண்ணா, என்ன பெயர், உங்கள் இஷ்டம். ஜெயசுந்தரியை வாசலில் மட்டும் நிறுத்தி வைக்காதீர்கள்.