ரப்பர் பைக்குள் ஒரு மூச்சு

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரின் மனைவி இறந்தபோது அவளுடைய கடைசி மூச்சு வெளியே போகவில்லை. கையிலிருந்த பேனா அதை உறிஞ்சி உள்ளே வைத்துக்கொண்டது. அது பழைய காலத்துப் பேனா. இப்போது வருவதைப்போல மைக்குழாயைச் செருகித் தூக்கி எறிகிற வகை அல்ல. உடம்புக்குள் ஒரு ரப்பர் பை, பக்கவாட்டில் நகத்தால் தூக்குகிற மாதிரி ஒரு உலோக நாக்கு. நாக்கைத் தூக்கினால் பை நசுங்கும். விட்டால் பை உப்பி, நிப்புக்கு எதிரே என்ன இருக்கிறதோ அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். மை இருந்தால் மை, தண்ணீர் இருந்தால் தண்ணீர். அன்று காலை அவள் பேனாவைக் கழுவி முடித்து, ஈரம் போய்விட்டதா என்று ஊதிப் பார்க்க நிப்பை உதட்டருகே வைத்து நாக்கைத் தூக்கியிருந்தாள். அந்த நேரம் பார்த்து இதயம் நின்றது, விரல் நழுவியது, பை தன் வேலையைச் செய்தது. பைக்கு என்ன தெரியும்? வந்த டாக்டர் அவள் மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்த்தார். பிறகு ஏதோ சந்தேகம் தட்ட, பேனாவின் மேலும் வைத்துப் பார்த்தார். "மூச்சு இருக்கு. ஆனா அம்மாகிட்ட இல்ல," என்றார். சான்றிதழில் மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

பேனாவைக் கழுவ வேண்டி வந்ததற்குக் காரணம் கடைக்காரர்தான். முந்தின நாள் கடையில் வில்லைகளின் நடுப்புள்ளியைக் குறிக்கிற பேனாவைக் காணோம். வாடிக்கையாளர் அவசரப்படுத்தினார். மனைவி கண்ணாடிக் கூடுகளுக்குப் பெயர்ச்சீட்டு எழுதுகிற பேனா மேஜையில் இருந்தது. படம் வரைகிறவர்களின் கறுப்பு மையை அதில் ஏற்றிப் புள்ளி வைத்துவிட்டார். அந்த மையில் அரக்கு கலந்திருக்கும். கண்ணாடியில் வைத்தால் அப்படியே நிற்கும். அதே குணத்தோடு பேனாவின் தொண்டைக்குள்ளும் நின்றுவிடும். வில்லையைத் தவிர வேறெதையும் யோசிக்காத மனுஷனுக்கு அது உறைக்கவில்லை. அவள் அப்பா படிப்பு முடித்த வருஷம் வாங்கிக் கொடுத்த பேனா அது. சாயங்காலம் வீடு இரண்டுபட்டது. காலையிலும் அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை, கிண்ணத்தில் தண்ணீர் வைத்துப் பேனாவைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, "இன்னும் கோவமா?" என்று கேட்டார். உள்ளேயிருந்து மூச்சை இழுக்கிற சத்தம் மட்டும் வந்தது. பதில் இல்லை. சரி, இன்றைக்கும் இறங்கி வரமாட்டாள் என்று நினைத்துக் கதவைச் சற்று ஓங்கியே சாத்திவிட்டுப் போனார். மதியம் சாப்பிட வந்தபோதுதான் தெரிந்தது.

அடக்கம் முடிந்து உறவுக்காரர்கள் எல்லாம் கிளம்பிய பிறகு, ஒருவர் மட்டுமே இருந்த வீட்டில் இரண்டு பேர் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. பேனாவுக்கு முன்னால் கிடக்கும் காகிதத்துண்டு மெல்ல எழுந்து படுக்கும். இடி இடித்தால் வேகமாக எழும், அவர் செய்தித்தாளைச் சத்தமாகப் படித்தால் நிதானப்படும். அவர் அதற்காகவே செய்தித்தாளை விளம்பரம் உட்பட ஒன்று விடாமல் படிக்க ஆரம்பித்தார். இதெல்லாம் பழகிவிட்டது. பழகாமல் நெஞ்சை அரித்தது ஒன்றுதான். அந்த மூச்சு, அவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல அவள் இழுத்த மூச்சு. பதில் அதற்குள்தான் இருக்கிறது. நாக்கை ஒரு தரம் தூக்கினால் போதும், வந்துவிடும். ஆனால் பதில் வந்தால் மூச்சும் போய்விடும். அப்புறம் வீட்டில் அவர் மட்டும்தான்.

எனவே நாக்கைத் தொடுவதில்லை என்று முடிவு செய்தார். பேனாவைப் பட்டுத்துணியில் சுற்றி அலமாரியில் வைத்தார். ஒரு கோடை போவதற்குள் மூச்சில் சீழ்க்கை விழுந்தது. பேனா பழுது பார்க்கிறவரிடம் ஓடினார். அவர் காதருகே வைத்துக் கேட்டுவிட்டு, ஆச்சரியப்படவும் இல்லை பயப்படவும் இல்லை. "சும்மா வெச்சா ரப்பர் காஞ்சு வெடிச்சிரும் சார். உள்ள ஈரம் இருக்கணும். நாக்கத் தூக்க வேணாம், நிப்ப மைக்குள்ள நிக்க வைங்க, தானா கொஞ்சம் ஏறும். ஆனா எந்த மைங்கறதுதான் விஷயம். அத நீங்கதான் பாத்துக்கணும், எங்கிட்ட வர்றதெல்லாம் கெட்டுப் போனப்புறம் வர்றது," என்றார்.

கடைக்காரர் வாழ்க்கையில் அதுவரை மை என்றால் மை என்றுதான் இருந்தார். அதன் பிறகு அந்த ஊரில் அவரளவுக்கு மையைப் பார்த்துப் பயந்தவர் யாரும் இல்லை. கடையின் பின்னறையில், திருகாணி போட்டுவைக்கிற சின்னக் கிண்ணங்களைக் காலி செய்து, ஒவ்வொன்றிலும் ஒரு மையை ஊற்றி, ரப்பர் துண்டும் பழைய நிப்பும் போட்டு ஊறவைத்தார். பளபளவென்று மின்னிய ஊதா மை, பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது, ரப்பரை மென்று துப்பிய மாதிரி ஆக்கிவிட்டது. காலத்துக்கும் அழியாது என்று புட்டியில் எழுதியிருந்த கருநீலம் நிப்பின் முனையைத் துருவேற்றித் தின்றது. சிவப்பு எதையும் கெடுக்கவில்லை, ஆனால் தொட்டதையெல்லாம் சிவப்பாக்கிவிட்டு என்ன செய்தாலும் போகமாட்டேன் என்றது. ஜிகினா கலந்த ஒன்று அடியில் வண்டலாகப் படிந்தது. கறுப்பைக் கடைக்குள்ளேயே விடவில்லை. வில்லைப் புள்ளிக்கு மெழுகுப் பென்சில் வாங்கிக்கொண்டார். கடைசியில் தேறியது, பள்ளிப் பிள்ளைகள் எழுதுகிற சாதா நீலம். தண்ணீர் பட்டால் கரையும், துணியில் பட்டால் துவைத்தால் போய்விடும். ரப்பர் அதில் இரண்டு மாசம் கிடந்தும் போட்டபடியே இருந்தது. அதைத்தான் பேனாவுக்குக் கொடுத்தார். முதல் தரம் நிப்பை மைக்குள் இறக்கியபோது புட்டியில் ஒரே ஒரு குமிழி எழுந்து உடைந்தது. அதற்குள்ளிருந்து, பேசுவதற்கு முன்னால் தொண்டையைச் செருமுகிற சத்தம். அவளுடையதுதான். அன்று அவர் கடை திறக்கவில்லை.

அந்த நீலத்தில் ஒரே ஒரு குறை. வெளிச்சம் பட்டால் வெளுத்துவிடும். பேனா நன்றாக இருக்க வேண்டுமானால் தினமும் எழுதவும் வேண்டுமாம், இல்லையென்றால் தொண்டை அடைத்துக்கொள்ளும். யாருக்கு எழுதுவது? அவருக்கு எழுதிப்போட ஒரு ஜீவன் இல்லை. பிள்ளைகள் இல்லை, இருந்த சிநேகிதர்கள் எல்லாம் கடைக்கு வந்து போகிறவர்கள்தான். ரசீது எழுதிப் பார்த்தார். கண்ணாடியை வாங்க வருகிறவர்கள் வெள்ளைக் காகிதத்தை நீட்டினார்கள். பார்வைச் சீட்டு எழுதிப் பார்த்தார். ஒருவர் அதைக் கொண்டுவந்து, தனக்குக் கண் முழுசாகப் போய்விட்டதென்று அழுதார். அதோடு அதை விட்டுவிட்டு, நிலைக்க வேண்டாத விஷயங்களை மட்டும் எழுதினார். இன்று வெயில். தயிர் புளித்துவிட்டது. முழங்கால் வலி தேவலை. எழுதி ஜன்னலோரம் வைப்பார், ஒரு பருவத்துக்குள் காகிதம் வெறுமையாகிவிடும், அதே காகிதத்தில் மறுபடி எழுதுவார். இப்படியே தலை நரைத்தது, முன்பற்கள் விழுந்தன, எதிர்க்கடை மூன்று கை மாறியது. நல்ல மை போட்டு ஒரு மூச்சைக் காப்பாற்றுவதிலேயே ஒரு ஆயுசு போய்விடும் என்று அவரிடம் யாராவது சொல்லியிருந்தால், போகட்டுமே, வேறென்ன செய்யப்போகிறேன் என்றிருப்பார். உண்மையும் அதுதான். அவர் தனியாக இருந்தார், அந்தச் சத்தம் இருந்தவரைக்கும் அதை ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.

மனைவியின் தங்கை வருஷம் ஒரு தரம் வந்து இரண்டு நாள் தங்கிவிட்டுப் போவாள். ஆரம்பத்தில் பேனா பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, "அக்கா நல்லா தூங்குறா," என்று சொல்லிவிட்டு எழுந்துபோவாள். அவளும் கிழவியாகி, மூட்டுவலித் தைலத்தோடு வந்த ஒரு வருஷம், பேனா வியர்க்க ஆரம்பித்திருந்தது. நாக்கைச் சுற்றி நீலம் பொடிப்பொடியாகக் கசிந்தது. மூச்சு மெலிந்திருந்தது, காகிதம் எழுந்திருக்க யோசித்தது. கடைக்காரர் பழுது பார்க்கிறவரிடம் கொண்டுபோனார். எங்கே தப்பு, எந்த மையில் தப்பு என்று சண்டைக்கே போய்விட்டார். "மை மேல ஒரு தப்பும் இல்ல சார். நீங்க போட்டதுதான் நல்ல மை. கெட்ட மைன்னா ரப்பர் சீக்கிரம் சாகும், நல்ல மைன்னா மெதுவா சாகும். அவ்வளவுதான்," என்றார் அவர். புதுப் பை மாற்றித் தருகிறேன், ஆனால் பழையதைப் பிரித்துத்தான் ஆக வேண்டும் என்றும் சொன்னார். கடைக்காரர் பேனாவைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

மைத்துனி அன்று நீண்ட நேரம் பேனாவைக் காதில் வைத்துக் கேட்டாள். பிறகு, "இவ்வளவு வருஷமா தப்பா நெனச்சுட்டேன் அத்தான். இது தூங்கறவ மூச்சு இல்ல. பேச வாயத் தொறந்துட்டு நிக்கிறவ மூச்சு," என்றாள்.

"மூச்சு போயிட்டா நான் என்ன பண்ணுவேன், சொல்லு."

"அது எனக்குத் தெரியாது. நீங்க ஒரு தரம் மூச்சப் புடிச்சுட்டு நின்னு பாருங்க, எவ்வளவு நேரம் முடியுதுன்னு."

மறுநாள் கடையில் யாரும் இல்லாத நேரம் அவர் நிலைக்கண்ணாடிக்கு முன்னால் நின்று மூச்சைப் பிடித்துப் பார்த்தார். ஒரு கண்ணாடிச் சட்டத்தின் திருகாணியை முடுக்குகிற நேரம்கூடத் தாங்க முடியவில்லை. முகம் கறுத்து, கண்ணில் நீர் வந்து, மேஜையைப் பிடித்துக்கொண்டார். இவ்வளவுக்கே இப்படி என்றால் இத்தனை வருஷமும் அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது. சொட்டுச் சொட்டாகக் கசிந்து போனால் பதிலும் சொட்டுச் சொட்டாகப் போய்விடும் என்பதும் அப்போதுதான் உறைத்தது. கடையை அப்படியே போட்டுவிட்டு வந்து, மைத்துனியை ரயிலேற்றி அனுப்பினார். இது புருஷன் பெண்டாட்டி விஷயம், மூன்றாவது ஆள் வேண்டாம் என்று அவளும் புரிந்துகொண்டாள்.

அடுத்த நாள் காலை செருப்பை மாட்டிக்கொண்டு, பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். "இன்னும் கோவமா?" என்று கேட்டு நாக்கைத் தூக்கினார். கொஞ்சம் நீலம் அவர் கட்டைவிரலில் வழிந்தது. பிறகு அவள் குரல், ஒரு நாள்கூட வயதாகாமல், அடுப்படியிலிருந்து பேசுகிற மாதிரி வந்தது.

"கோவம்தான். சாயங்காலம் சீக்கிரம் வாங்க, மிச்சச் சண்டையையும் போட்டு முடிச்சுடலாம்."

அவ்வளவுதான். வீடு அமைதியானது. அவர் வாசற்படியிலேயே உட்கார்ந்து, தெருவில் போகிறவர்கள் பார்க்கப் பார்க்க அழுதார். பிறகு கையைக் கழுவினார், மை உடனே போய்விட்டது. கடைக்குப் போனார். வெளிச்சம் இருக்கும்போதே கதவை இழுத்துப் பூட்டி, வீட்டுக்கு வந்து, அவளுடைய நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து சண்டையைத் தொடங்கினார். தன் பக்கத்தையும் பேசினார், அவள் பக்கத்தையும் பேசினார். அவளோடு வாழ்ந்தவருக்கு அவள் என்ன சொல்வாள் என்று தெரியாதா? கேட்காமல் எடுத்தது தப்பு என்று ஒப்புக்கொண்டார், கதவை ஓங்கிச் சாத்தியதும் தப்பு என்றார். அன்றைக்கு முடியவில்லை. வருஷக் கணக்கில் மிச்சம் இருந்தது, மையைத் தவிர மற்ற விஷயங்களும் ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

பேனாவுக்குப் புதுப் பை போட்டாயிற்று, அதே நீலம்தான் ஊற்றுகிறார். அது மற்றப் பேனாக்களைப்போல எழுதுகிறது. கடையை இப்போதும் பொழுது சாய்வதற்கு முன்பே அடைத்துவிடுகிறார். அவசரமாக ஓடிவருகிறவர்களிடம் அவர் சாவியைத் திருப்பிக்கொண்டே, "நாளைக்கு வாங்க, வீட்ல சீக்கிரம் வரச் சொல்லியிருக்காங்க," என்கிறார். அவர்களும் சரி என்று தலையாட்டிவிட்டு மறுநாள் நேரத்தோடு வருகிறார்கள்.