கண்ணாடிப் பெட்டியில் ஒரு பல்செட்

மத்திய ரயில் நிலையத்தின் நூற்றைம்பதாவது ஆண்டுக்குக் கண்காட்சி வைத்தார்கள். விழா அதிகாரி பதினொரு கண்ணாடிப் பெட்டிகளை வரவழைத்துவிட்டார். உள்ளே வைக்கத்தான் ஒன்றும் இல்லை. உண்மையான பழம்பொருள்களை எல்லாம் எப்போதோ பழைய இரும்புக்காரனுக்குப் போட்டாயிற்று. ஆகவே தொலைந்த பொருள் அறைக்கு வந்தார். அங்கே எழுத்தர் நான்.

அந்த அறைக்கு ஒரே விதி: உரியவர் தேடி வரக்கூடும், ஆறு மாதம்வரை எதையும் தொடக்கூடாது. அதிகாரி அலமாரியை வழித்து அள்ளினார். போன மாதத்துக் குடை, ‘முதல் ரயிலில் வந்திறங்கிய சீமாட்டியின் குடை’ ஆயிற்று. திங்கட்கிழமை கிடைத்த பல்செட்டுக்கு, ‘நூறு ஆண்டுக்கு முன் ஒரு பயணி சிரித்தபோது விழுந்தது’ என்று எழுதி ஒட்டினார்.

“சார், அது இந்த வாரம் வந்தது.”

“பல்லுல என்னய்யா தேதியா போட்டிருக்கு? வரலாறுன்னா கொஞ்சம் முன்னே பின்னேதான் இருக்கும்.”

எனக்குக் குமட்டியது. மறைக்காமல் சொல்கிறேன், முதலில் குமட்டியது அந்தப் பல்லைப் பார்த்துத்தான். ரோஸ் நிற ஈறு, இடுக்கில் காய்ந்துபோன ஏதோ. ரயில் இருக்கைக்கு அடியிலிருந்து துப்புரவு அக்கா அதை வெறுங்கையால் எடுத்து வந்தபோது, நான் காகிதத்தை விரித்துத்தான் வாங்கினேன்.

விழா நாள் காலையில் ஒரு பெண் வந்தாள்.

“அப்பாவோட பல்செட்டுங்க. திங்கக்கிழமை ஒத்திகைக்கு வந்தப்போ ரயில்ல தும்மியிருக்காரு. கூட்டத்துல குனிஞ்சு தேட வெட்கம். நாலு நாளா வாயே திறக்கல. கோபம்னு நெனச்சேன், இன்னிக்குத்தான் சொன்னாரு.”

அவள் பின்னால் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றவரை எனக்குத் தெரியும். முப்பது வருடம் இந்த நிலையத்தின் குரலாக இருந்த அறிவிப்பாளர். பத்தரை மணிக்கு மேடையில் இன்னொரு முறை அறிவிப்புச் சொல்ல அவரை அழைத்திருந்தார்கள். எனக்கு வணக்கம் சொன்னார். வெறும் காற்றுதான் வந்தது.

அதிகாரியிடம் ஓடி, பல்செட் அறிவிப்பாளருடையது என்றேன்.

“தலைமை விருந்தினர் வர்ற நேரத்துல பெட்டி காலியா கிடக்கவா? கண்காட்சி முடிய, பத்து நாள் பொறுக்கச் சொல்லு.”

“அவர் பேசணுமே சார்!”

“பொக்கை வாயோட பேசட்டுமே. பாவம்னு இன்னும் நாலு பேர் கை தட்டுவான்.”

பெட்டியைச் சுற்றி அவருடைய ஆட்கள் பல்லைப் படமெடுத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மனிதர் வாயிலிருந்து இவ்வளவு அழுக்கு வருமா என்றிருந்தது.

அவர்கள் நகர்ந்ததும் துப்புரவு அக்கா துடைப்பத்தைச் சாய்த்து வைத்தார். “சாவி எதுக்கு தம்பி? கீல்ல ரெண்டே திருகாணி. மறைச்சு நில்லு.”

கண்ணாடி துடைப்பவர்போலவே கழற்றினார். பல்லை என் உள்ளங்கையில் வைத்து மூடினார். “மூஞ்சியைச் சுளிக்காம கழுவிக் கொடு. நாளைக்கு நீயும் போடப்போறவன்தான்.”

தேநீர்க் கடையில் வெந்நீர் வாங்கி இடுக்கு இடுக்காகத் தேய்த்தேன். கடவுள் இன்று எனக்கென்று வைத்த வேலை இதுதான் என்று நினைத்ததும் வெறுங்கையால் தொடக் கூசவில்லை.

அறிவிப்பாளர் சுவர்ப்பக்கம் திரும்பி மாட்டிக்கொண்டார்.

“எங்கே இருந்துச்சு?”

சொன்னேன். ஒட்டியிருந்த வாசகத்தையும், மற்றப் பெட்டிகளில் இருப்பவற்றையும் சொன்னேன். அவர் நேரே மேடைக்குப் போனார்.

பத்தரைக்கு அந்தக் குரல் கூரைவரை எழுந்தது.

“பயணிகளின் கனிவான கவனத்திற்கு. கண்காட்சியில் உள்ள குடை, மூக்குக்கண்ணாடி, குழந்தையின் ஒற்றைச் செருப்பு ஆகியவை சென்ற மாதம் இந்த நிலையத்தில் தொலைந்தவை. உரியவர்கள் அடையாளம் சொல்லிப் பெற்றுக்கொள்ளலாம்.”

கூட்டம் பெட்டிகளை மொய்த்தது. “சீமாட்டி குடையாமே! கைப்பிடியில என் பொண்ணு ஒட்டின ஸ்டிக்கர் இருக்குதய்யா!” என்று ஒரு அம்மாள் கத்தினார்.

இதுவும் நிகழ்ச்சிதான் என்று நினைத்துத் தலைமை விருந்தினர் கை தட்டினார். உடனே அதிகாரியும் தட்டினார். பிறகு, எல்லாம் தன் யோசனை என்பதுபோல் சிரித்தபடி பெட்டிகளைத் திறக்கச் சாவிக்கொத்தை என்னிடம் நீட்டினார்.

அதை வாங்கத்தான் எனக்குக் கை கூசியது.