ஒரே ஒரு ரிங்

ஆணியில் தொங்கிய சட்டைப் பையிலிருந்து அப்பாவின் போனை எடுக்கும்போது பெரியவளுக்குக் கை கூசியது. அப்பா பக்கத்து அறையில் போர்வைக்குள் கிடந்தார்.

"சீக்கிரம் ரிங் குடுடி. தம்பி பரீட்சைக்கு உள்ள போற நேரமாச்சு," என்றாள் அம்மா. அழுது அழுது தொண்டை கட்டியிருந்தது. புத்தி மட்டும் தெளிவாக இருந்தது.

"செத்துப்போனவர் போன்ல இருந்தாம்மா?"

"ரிங் வரலைன்னா அவனே கூப்பிடுவான். விஷயம் தெரிஞ்சா அப்படியே கிளம்பி வந்துடுவான். கடைசிப் பரீட்சை. இதை விட்டா மறுபடி ஃபீஸ் கட்டணும். யாரு கட்டறது, நீயா நானா? வீட்டுப் பத்திரமே பேங்க்ல கிடக்கு."

தம்பியின் முதல் பரீட்சையன்று அப்பா போன் செய்து, தைரியமா எழுது, பேனா ரெண்டா வச்சுக்கோ, தண்ணி குடிச்சுட்டுப் போ என்று நீட்டி முழக்கியதில், அவன் ஹாலுக்கு ஓடித்தான் போய்ச் சேர்ந்தான். அன்றிலிருந்து பேச்சு கிடையாது, ஒரே ஒரு ரிங். அது வந்த பிறகுதான் இன்ஜினியர் போனை அணைத்துவிட்டு உள்ளே போவான். இன்ஜினியர் என்பது அப்பா வைத்த பெயர். கல்லூரியில் இடம் கிடைத்த அன்றே வைத்துவிட்டார். பட்டம் வருவதற்குள் கடன் வந்துவிட்டது.

பெரியவளுக்கும் ஒரு காலத்தில் இடம் கிடைத்திருந்தது. இரண்டு பேரையும் படிக்க வைக்க முடியாது என்று அப்பா வாய்விட்டுச் சொல்லவில்லை. தன் இஸ்திரிக் கடைக்கு இன்னொரு பெட்டி வாங்கி வந்தார். அவளுக்குப் புரிந்துவிட்டது. அதன்பின் ஒரே மேசையின் இரண்டு பக்கமும் இருவரும் நின்றார்கள். இஸ்திரி நின்றுகொண்டே செய்கிற வேலை. சாயங்காலத்தில் அவள் கால் வீங்குவதை அப்பா பார்ப்பார், ஒன்றும் சொல்லமாட்டார்.

இன்று காலை கடை திறந்த கையோடு அப்பா நெஞ்சைத் தடவிக்கொண்டு அழுக்குத் துணி மூட்டைமேல் சாய்ந்தார். அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"நீயும் செத்த நேரம் உக்காரும்மா," என்றார்.

இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் சொல்லாத வார்த்தை. பெட்டியின் சுவிட்சை அணைத்துவிட்டு அவள் திரும்புவதற்குள் அவர் தலை தொங்கிவிட்டது.

அவள் தம்பியின் எண்ணை அழுத்தினாள். ஒரு முறை மணி அடித்ததும் துண்டித்தாள். அம்மா முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

மத்தியானம் தம்பி வந்தான். பரீட்சை முடிந்து வெளியே வந்தவனிடம் சித்தப்பாதான் போனில் சொல்லியிருந்தார். தோள் பையோடு அப்பாவின் காலடியில் விழுந்து கதறினான். ஓய்ந்து எழுந்தபோது அம்மா மெல்லக் கேட்டாள்.

"நல்லா எழுதினியாப்பா?"

"ரெண்டு கேள்வி விட்டுட்டேம்மா."

"பாஸாயிடுவல்ல?"

அவன் அம்மாவை வெறித்துப் பார்த்தான். பிறகு அக்காவிடம் திரும்பினான். "எப்பக்கா போனாரு?"

அம்மாவின் கண் பெரியவளைக் கெஞ்சியது. சித்தப்பா சுவரைப் பார்த்தார்.

"நீ ஹாலுக்குள்ள போனதுக்கு அப்புறம்டா."

தம்பி தன் போனை எடுத்துச் சித்தப்பாவிடம் காட்டினான். "பாருங்க சித்தப்பா, இதுதான் அவரு கடைசியாக் குடுத்த ரிங். சாகப்போற நேரத்துலகூட என் நினைப்புதான் அவருக்கு."

பெரியவளுக்கு அவனை ஓங்கி அறைய வேண்டும்போல் இருந்தது. படிப்பைக் கொடுத்தாயிற்று, உழைத்த காசைக் கொடுத்தாயிற்று. அப்பாவின் கடைசி நினைப்பு ஒன்றுதான் அவளுக்கென்று மிஞ்சியிருந்தது.

"ஆமாடா," என்றாள். "உன் நினைப்புதான்."

அவன் மறுபடி உடைந்து அழுதான். துக்கத்துக்கு வந்தவர்கள் போனை வாங்கி வாங்கிப் பார்த்தார்கள். யாரோ உச்சுக் கொட்டினார்கள். அவளுக்குக் கால் கடுத்தது. மூலையில் காலியாகக் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

"பரீட்சை எழுதிட்டு வந்த புள்ள நிக்கிறான் பாரும்மா," என்றார் சித்தப்பா.

பெரியவள் எழுந்து நாற்காலியைத் தம்பியின் பக்கம் நகர்த்தினாள்.