மடவைக்கு வைத்த பிரட் ஓரம்

தூண்டில் போடப் போகிறவனுக்கு எந்த சாண்ட்விச் சரிப்படும் என்பதில், ராயபுரம் முதல் எண்ணூர் வரை என்னை மிஞ்ச ஆள் கிடையாது. தலைக்கனம் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பேக்கரி ஜாம் சாண்ட்விச்சுக்குக் கல்லில் உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் எறும்பு வந்துவிடும். மெட்ரோ ஸ்டேஷன் பக்கத்து சீஸ் சாண்ட்விச் கடற்கரைக்குப் போய்ச் சேர்வதற்குள் செருப்பாகிவிடும். டீக்கடை பிரட் ஆம்லெட்டில் எண்ணெய் சொட்டும். அந்தக் கையால் தூண்டில் நரம்பைப் பிடித்தால் வழுக்கும்.

சரியான சாண்ட்விச் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் அருகே ரஹீமுன்னிசா அக்கா கடையில்தான் கிடைக்கும். வேகவைத்த முட்டையை மசித்து, வெங்காயமும் புதினாச் சட்னியும் சேர்த்து, தோசைக்கல்லில் வாட்டி வாழையிலையில் சுற்றித் தருவார். அதற்கு முன்பே பிரட்டின் ஓரத்தை வெட்டிவிடுவார். மசாலா படாத அந்த ஓரங்களை எனக்கென்று தனிப் பொட்டலமாகக் கட்டுவார். தண்ணீரில் நனைத்துப் பிசைந்து முள்ளில் செருகினால் மடவை மீன் தேடி வரும். நமக்கு நடு, மீனுக்கு ஓரம். கேட் மூடிக் கிடந்த ஒரு நாள், பசி தாங்காமல் இறங்கி நடந்து அந்தக் கடையைக் கண்டுபிடித்தவன் நான். பக்கத்து ரயில்வே குவார்ட்டர்ஸிலேயே குடியிருந்த அசோகனின் கண்ணில்கூட அது பட்டதில்லை.

அசோகன் என் தோஸ்து. நான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறேன். அவன் கூட்ஸ் யார்டில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன். பதினாறு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரே வழக்கம். நான் முதல் பூசை முடிந்து வரும்போது மாதா கோயில் வாசலில் ஸ்கூட்டரோடு நிற்பான். அவன் வீட்டில் புத்தர் படம்தான். ஆனால் எங்கள் சாமியார் பிரசங்கத்தை எத்தனை மணிக்கு முடிப்பார் என்பது என் மனைவி எல்சியைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும். அங்கிருந்து அவன் வந்த வழியே மறுபடி கொருக்குப்பேட்டை, பிறகு திருவொற்றியூர் கடலோரக் கற்கள். "வரும்போதே வாங்கிகினு வர்றதுதானே, எதுக்கு ரெண்டு தபா அலையற?" என்று ஒருமுறை கேட்டேன்.

"நீ இல்லாம வாங்குனா நல்லாருக்காது மாமு" என்றான்.

இப்படி இருந்தபோதுதான் சுயம்பு வந்து சேர்ந்தார். ஒரு ஞாயிறு கோயில் வாசலில் ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் இன்னொரு பைக் நின்றது. "சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்ல லாரிக்கு எடை போடறாரு. தூண்டில் ஆசை வந்துக்கீது இவருக்கு" என்றான் அசோகன். நாற்பது வயதிருக்கும். எதற்கெடுத்தாலும் சிரிக்கிற முகம். அந்தச் சிரிப்பே எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த வாரம் ரஹீமுன்னிசா அக்கா ஓரப் பொட்டலத்தை எடுத்து, நீட்டிய என் கையைத் தாண்டி, சுயம்புவிடம் கொடுத்தார். "அசோகண்ணன்தான் இவரு கைல குடுக்க சொன்னாரு" என்றார். எனக்கு வயிறு எரிந்தது. மறைப்பானேன், பற்றிக்கொண்டு எரிந்தது. என் கடை, என் ஓரம், என் தோஸ்து.

மூன்றாவது வாரம் அசோகன் என் பக்கத்தில் தான் உட்காரும் கல்லில் அந்த ஆளை உட்காரவைத்து, தான் தள்ளிப் போய் உட்கார்ந்தான். "முடிச்சு எப்டி போடறதுனு ஃப்ரெடிய கேளு. அவனாட்டம் யாருக்கும் வராது" என்று என்னைக் காட்டினான். நான் வேண்டுமென்றே அரைகுறையாகச் சொல்லிக்கொடுத்தேன். அந்த அரைகுறை முடிச்சிலும் அந்த ஆள் முழங்கை நீள மடவை ஒன்றைப் பிடித்தார். அசோகன் கை தட்டினான். எனக்கு அவன் ஒரு நாளும் கை தட்டியதில்லை.

நாலாவது ஞாயிறு நான் பூசைக்குப் போகவில்லை.

"கோயிலுக்குப் போவாம தூண்டில தூக்கிகினு எங்க கெளம்பிட்ட?" என்றாள் எல்சி. பதில் சொல்லாமல் வண்டியை எடுத்தேன். கடையில் அப்போதுதான் பதினாலு சாண்ட்விச் போட்டு அடுக்கியிருந்தார் அக்கா. ஞாயிற்றுக்கிழமை அதற்கு மேல் போடமாட்டார்.

"எல்லாத்தையும் கட்டுக்கா."

"இன்னா நைனா, வூட்ல எதுனா விசேஷமா?"

"ஆமா" என்று புளுகினேன். "ஓரத்தையும் குடுத்துடுங்க."

கல்லுக்குப் போய் உட்கார்ந்தேன். இருவரும் வெறுங்கையோடு வருவார்கள். அசோகனுக்கு ஒன்று கொடுப்பேன். அந்த ஆளுக்குக் கொடுக்கமாட்டேன். பசியோடு பார்க்கட்டும். இதை நினைக்க நினைக்க இனித்தது.

எட்டரைக்குத்தான் வந்தார்கள். அசோகன் முகம் வேர்த்திருந்தது.

"முக்கா மணி நேரம் கோயில் வாசல்ல நின்னுகினு இருந்தேன்டா. உனுக்குத்தான் எதுனா ஆயிடுச்சோன்னு வூட்டுக்கு ஓடுனேன். தூண்டில தூக்கிகினு போயிட்டாருன்னு எல்சி முழிக்குது. அப்பறம் கடைல அக்கா சொல்லிச்சி, வூட்ல விசேஷம்னு." பொட்டலங்களைப் பார்த்தான். "இதானா விசேஷம்?"

நான் கடலைப் பார்த்தேன். "எனுக்கு தெரியாம எல்லாம் நடக்குதுல்ல" என்றேன்.

"நடக்குது. அடுத்த மாசம் ரிட்டயர்மெண்ட்டு. குவார்ட்டர்ஸ காலி பண்ணணும். பொண்ணு வூட்டுக்குப் போறேன், கூடுவாஞ்சேரிக்கு."

"ஏன்டா சொல்லல?"

"சொன்னா நீ மூஞ்ச தூக்கி வச்சிகினு நாலு வாரம் வரமாட்ட. உன்னிய எனுக்குத் தெரியாதா? ஒண்டியா உக்காந்து தூண்டில் போட உனுக்கு வராது. அதான் ஆள் தேடுனேன். தேடித் தேடி இவரு ஒர்த்தருதான் உன் வாய்க்கு பயப்படாம கீறாரு."

சுயம்பு எழுந்து நின்றார். "நான் வேணா கெளம்பட்டாணா?"

"உக்காருங்க" என்றேன். அவர் தூண்டிலை வாங்கி, நான் சொல்லிக்கொடுத்த முடிச்சை அவிழ்த்து, ஒழுங்காகப் போட்டுக் கொடுத்தேன். அசோகன் ஒரு பொட்டலத்தைப் பிரித்து முதலில் அவருக்கு நீட்டினான். அப்போதும் எனக்கு எரிந்தது. அன்று மூன்று பேரும் வயிறு முட்டத் தின்றும் பாதி மிஞ்சியது.

இப்போது கோயில் வாசலில் சுயம்புதான் நிற்கிறார். போன ஞாயிறு நாங்கள் கல்லில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் கழித்து கூடுவாஞ்சேரியிலிருந்து போன் வந்தது.

"இன்னா மாட்டிச்சி?" என்றான் அசோகன்.

"ஏழு மடவை" என்றேன். ஒன்றுகூட மாட்டவில்லை.

"பக்கத்துல யாரு?"

"சுயம்புதான். இன்னாமா முடிச்சு போடறாரு தெரியுமா!"

"சாண்ட்விச்சு?"

"அவரே காலைல போயி வாங்கியாந்துட்டாரு. நான் அந்தப் பக்கமே போவல."

"நான் இல்லாம வாங்குனா நல்லாவா கீது?"

"சூப்பரா கீது" என்றேன்.

"சரி, சரி, துன்னு" என்று வெடுக்கென்று போனை வைத்துவிட்டான். அவன் வயிறு எரிவது இங்கே எனக்குத் தெரிந்தது. பல வாரம் கழித்து அன்றுதான் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொட்டலத்தைப் பிரித்து ஒரு வாய் கடித்தேன். அவன் சொன்னது சரிதான். நன்றாக இல்லை.