கௌதாரிச் சுவர்

வெந்நீர் அறைச் சுவரில் வெள்ளையாக என்னவோ பூத்திருப்பதை மாயாண்டி பார்த்தபோது, மியூசியம் திறக்க இன்னும் இருபத்தாறு நாள் இருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தான். உப்பு.

ஓமான் கடலோரத்தில் அது ஒரு சின்ன ஊர். பேரீச்சந்தோப்பை ஒட்டி மேடாகக் கிடந்த நிலத்தைத் தோண்டியபோது, எழுநூறு வருஷத்துக்கு முந்தைய பொதுக் குளியற்கூடம் ஒன்று வெளியே வந்தது. ஹம்மாம் என்பார்கள். உடை மாற்ற ஓர் அறை, வெதுவெதுப்பாக ஓர் அறை, தரைக்கு அடியில் தீ மூட்டிச் சூடேற்றிய வெந்நீர் அறை. அதை அப்படியே வைத்து, மேலே கண்ணாடிக் கூரை போட்டு, ஜனங்கள் நடந்து பார்க்க மரப்பாதை அமைத்து மியூசியமாக்கும் வேலையை ஒரு கம்பெனி எடுத்திருந்தது. முதுகுளத்தூர் பக்கத்திலிருந்து குழாய் பதிக்க வந்திருந்த மாயாண்டியை, கை நிதானமானவன் என்று இங்கே மாற்றிவிட்டார்கள். அவனிடமிருந்து மண்வெட்டியை வாங்கிக்கொண்டு பிரஷ்ஷைக் கொடுத்தவர் டாக்டர் நஸீரா. துனீசியாக்காரர், பழைய சுவர்களுக்கு வைத்தியம் பார்ப்பவர்.

அந்தப் பிரஷ்ஷால்தான் மாயாண்டி பறவையைக் கண்டெடுத்தான். சுண்ணாம்புக் காரையின் மேல் சிவப்புக் காவியில் தீட்டிய ஒரு பறவை, உள்ளங்கை அகலம். புறா என்றார் நஸீரா. காடை என்றார் கூட வந்த ஒருவர். மாயாண்டி தலையாட்டி மறுத்தான். பெயரை அவர்கள் பாஷையில் சொல்லத் தெரியாமல், இரண்டு கையையும் வாயருகே குவித்து, கௌதாரி கத்துவது போலக் கத்திக் காட்டினான். தோப்புக்குள்ளிருந்து நிஜமான கௌதாரி ஒன்று பதில் கொடுத்தது. நஸீரா சிரித்துச் சிரித்து மரப்பலகையில் உட்கார்ந்துவிட்டார். நோட்டில் அவன் சொன்னதையே எழுதினார். பின்னால் மியூசியத்தின் போஸ்டரிலும் டிக்கெட்டிலும் அந்தக் கௌதாரிதான் சின்னமாக ஏறியது.

அதன் பிறகு ஒரு வருஷம் அவர்கள் இருவரும் அந்தச் சுவரிலிருந்து உப்பை இறக்கினார்கள். காகிதக் கூழை ஈரமாக அப்பி, காய்ந்ததும் உரித்தால் உப்பு அதோடு வந்துவிடும். மறுபடி அப்ப வேண்டும். "இன்னும் ரெண்டு கோடை போகட்டும், அதுவரை கூரையை மூடி ஏசி போடக் கூடாது" என்று நஸீரா எழுதிக் கொடுத்திருந்தார். மே மாதம் அவருடைய ஒப்பந்தம் முடிந்தது. கம்பெனி நீட்டிக்கவில்லை. நவம்பரில் திறப்பு என்று தேதி குறித்தார்கள். அக்டோபரில் கண்ணாடியை மூடி ஏசியையும் ஓடவிட்டார்கள்.

மாயாண்டி நேராக சூப்பர்வைசர் லுக்மானிடம் போனான். கீழக்கரைக்காரர். கெட்ட மனுஷர் இல்லை.

"பாய், சுவத்துல உவர் ஏறிருச்சு. ஏசிய நிப்பாட்டச் சொல்லுங்க. காரை பொரிஞ்சு விழுந்துரும்."

"எனக்குத் தெரியாதுன்னு நினைக்கிறியா? ரெண்டு மீட்டிங்ல சொல்லிட்டேன். அமைச்சரு வர்றாரு, அவர வேர்க்க விட்ருவியான்னு மேனேஜர் கேக்குறான். நான் என்னத்தச் சொல்ல?"

அடுத்து சைட் ஆபீசுக்குப் போனான். அங்கே கடிதங்களையும் ஃபைல்களையும் பார்த்துக்கொள்ளும் மேனுஜா யாழ்ப்பாணத்துப் பெண்.

"நீங்கள் சொல்லுங்கோ அண்ணை, நான் இங்கிலீஷில எழுதுறன். படமும் போடுவம்."

எழுதினாள். தன் பெயரிலேயே அனுப்பினாள். மூன்றாம் நாள் பதில் வந்தது.

"நோட்டட் எண்டு போட்டிருக்கினம், அண்ணை."

"அப்படின்னா?"

"பாத்திட்டினமாம்."

"பாத்துட்டு?"

"அவ்வளவுதான்."

அன்று டூட்டி முடிந்து எல்லோரும் பஸ்ஸுக்கு நடந்தபோது மாயாண்டி பின்தங்கினான். வெந்நீர் அறை வாசலில் இருந்த ஏசி பட்டனை அமர்த்திவிட்டு ஓடிப்போய் பஸ் ஏறினான். மறுநாள் காலையில் ஏசி டெக்னீஷியன் வந்து போட்டுவிட்டான். சாயங்காலம் மாயாண்டி மறுபடி அமர்த்தினான். இப்படி ஒன்பது நாள். ஏசி நின்று கிடக்கும் நேரமாவது சுவர் கொஞ்சம் மூச்சுவிடும் என்று நினைத்தான். கேம்ப்பில் சோறு நன்றாக இறங்கியது. பத்தாம் நாள் பட்டனுக்கு மேல் ஒரு பெட்டி வைத்துப் பூட்டியிருந்தார்கள்.

மேனுஜா மூலமாக நஸீராவுக்கு விஷயம் போயிருந்தது. அவருடைய வாய்ஸ் மெசேஜ் அன்றைக்கு மத்தியானம் வந்தது. மேனுஜா போனைக் காதில் வைத்து முழுவதும் கேட்டாள்.

"என்னம்மா சொல்றாங்க?"

"அண்ணை, நீங்கள் ஏசிய நிப்பாட்டினதை நான் அவவுக்குச் சொன்னனான். அதுதான்…"

"திட்டுறாங்களா?"

"திட்டேல்ல. நிப்பாட்டி நிப்பாட்டிப் போடுறதுதான் ஆகக் கூடாதாம். நிண்டால் காத்தில ஈரம் ஏறி உப்புக் கரையுமாம். போட்டால் திரும்பக் காஞ்சு இறுகி, காரையைத் தள்ளுமாம். தொடர்ந்து ஓடினாலும் கெடுதல்தான், ஆனால் இவ்வளவு கெதியா வராதாம்." அவள் குரல் தணிந்தது. "மாயாண்டிக்கு இதைச் சொல்ல வேணாம் எண்டும் சொன்னவ. எனக்கு மறைக்கத் தெரியேல்ல அண்ணை."

ஒன்பது ராத்திரியும் ஒன்பது பகலும் மாயாண்டியின் மனசில் வரிசையாக வந்து நின்றன. ஊரில் உவர் ஏறிய எத்தனை சுவரைப் பார்த்திருக்கிறான்! பட்டனை அமர்த்தும்போது இது தோன்றவில்லையே.

திறப்புக்கு நான்கு நாள் இருந்தது. காலையில் மரப்பாதையைப் பெருக்கப் போனபோது கௌதாரியைக் காணவில்லை. சுவரில் ஓர் அடி அகலத்துக்குக் காரை உரிந்து, பின்னால் செங்கல் தெரிந்தது. கீழே சிவப்பும் வெள்ளையுமாகத் துண்டுகள். சில துண்டுகள் தொட்டதும் மாவாகிப் போயின.

லுக்மான் வந்தார். தலையில் கைவைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார். பிறகு, "கலாஸ், முடிஞ்சுபோச்சு. பையில அள்ளிப் போட்ரு. ஆளுக வர்றாங்க" என்றார்.

"பையில போட மாட்டேன் பாய்."

நஸீரா காட்டிக் கொடுத்தபடி, பஞ்சு விரித்த பெட்டியில் ஒவ்வொரு துண்டாக எடுத்து வைத்தான். கண் இருந்த துண்டு முழுசாகக் கிடைத்தது. லுக்மான் தடுக்கவில்லை. வாசலில் யாரும் வராமல் பார்த்துக்கொண்டார். பெட்டி சைட் ஸ்டோருக்குப் போனது.

சாயங்காலம் லுக்மான் அவனைத் தனியாகக் கூப்பிட்டார். "கேமராவுல நீ பட்டன அமத்துறது விழுந்திருக்கு. ஒன்பது நாளும். உன்னாலதான் காரை விழுந்துச்சுன்னு ரிப்போர்ட் எழுதச் சொல்றாங்க. விசாவ கேன்சல் பண்ணப் பாத்தாங்க. கெஞ்சி, வேற சைட்டுக்கு மாத்தச் சொல்லிருக்கேன். காலையில வண்டி."

"என்னாலதான் விழுந்துச்சா பாய்?"

"யாருக்குத் தெரியும்?"

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

லுக்மான் அவன் தோளைத் தொட்டார். பிறகு ஆபீசுக்குள் போய்விட்டார்.

மியூசியம் குறித்த நாளில் திறந்தது. உரிந்த இடத்தில் கௌதாரியின் போட்டோவைப் பெரிதாக அச்சடித்து மாட்டினார்கள். நல்ல கூட்டம் என்று மேனுஜா சொன்னாள். அச்சு என்று பலருக்குத் தெரியவில்லையாம்.

மாயாண்டி அப்போது முந்நூறு கிலோமீட்டர் தள்ளி, ரோட்டோரம் மழைநீர்க் கால்வாய் வெட்டும் வேலையில் இருந்தான். ஜனவரியில் ஒருநாள் காலை மேனுஜாவே போன் செய்தாள்.

"அண்ணை, அந்தப் பெட்டி."

"சொல்லும்மா. நஸீரா மேடத்துக்கு அனுப்பிட்டாங்களா? ஒட்டலாம்னு சொல்லியிருந்தாங்களே."

"ஸ்டோரை வேற கட்டடத்துக்கு மாத்தினவை. பெட்டிக்கு நம்பர் போட நான் ரெண்டுதரம் கேட்டனான். ரிப்போர்ட் முடியட்டும், பிறகு போடுவம் எண்டினம். இப்ப தேடிப் பாத்தன். இல்லை."

"நல்லாத் தேடுனியாம்மா? மூடியில பச்சை டேப் ஒட்டியிருப்பேன்."

"ரெண்டு நாள் தேடினன் அண்ணை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"நீ என்னம்மா பண்ணுவ."

போர்மேன் "யல்லா, யல்லா" என்று அவசரப்படுத்திக் கை தட்டினான். மாயாண்டி போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு கால்வாய்க்குள் இறங்கினான். ஈர மணல் சரிந்து சரிந்து குழியை மூடிக்கொண்டிருந்தது. அவன் அதை வாரி வெளியே போட்டான்.