சிவனாண்டி மேடு

எட்டயபுரம் ரோட்டில் போகிற டவுன் பஸ்ஸில் கண்டக்டர், "சிவனாண்டி மேடு எறங்கு, மூக்கப் பொத்திட்டு எறங்கு" என்று கத்தும்போதெல்லாம் லிங்கராஜுக்கு அடிவயிறு எரியும். அவர் பஸ்ஸில் ஏறி எத்தனையோ வருடமாகிறது. ஆனாலும் எரியும். கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போனாலும் அந்தச் சத்தம் உள்ளே வந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொள்ளும். காரணம், சிவனாண்டி அவருடைய அப்பா. மேடு, கோவில்பட்டியின் குப்பைமேடு.

ஒரு காலத்தில் அது ஆடு மேயும் வெறும் புறம்போக்கு. அங்கே முதல் வண்டிக் குப்பையைக் கொட்டிய புண்ணியவான் தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி சிவனாண்டிதான். ஒடிந்த குச்சி, வீணாய்ப்போன அட்டை, கெட்டிப்பட்ட மருந்து எல்லாவற்றையும் ஆள்விட்டு அங்கே தள்ளினார். பெரிய மனுஷனே கொட்டுகிறார், நமக்கென்ன என்று ஊரும் பின்னாலேயே வந்தது. நல்ல காரியத்துக்குக் கூப்பிட்டால் தலைவலி வந்துவிடுகிற ஊர், குப்பை கொட்ட மட்டும் வரிசையில் நின்றது. முப்பது நாற்பது வருடம் எல்லோரும் சேர்ந்து கொட்டிவிட்டு, பெயரை மட்டும் பெரிய மனதோடு சிவனாண்டிக்கே விட்டுக்கொடுத்தது.

சிவனாண்டிக்கு ஒரு பெருமை உண்டு. மற்ற முதலாளிகள் தீப்பெட்டியில் மயிலையும் ரோஜாவையும் போட்டபோது, அவர் தன் முகத்தையே லேபிளாகப் போட்டார். தலைப்பாகை, முறுக்கு மீசை, கீழே 'சிவனாண்டி மார்க்'. முதலில் முருகன் படம் போடுவதாகத்தான் இருந்தது. காலிப்பெட்டி தெருவில் கிடந்து மிதிபடும், சாமி முகத்தை ஊரான் மிதித்தால் பாவம் நமக்குத்தான் என்று தன் படத்தைக் கொடுத்தாராம். ஒருமுறை அச்சில் சிவப்பு விலகி, அய்யாவின் உதடு கன்னத்தில் போய் ஒட்டிக்கொண்டது. அந்த லேபிள்கள் அத்தனையையும் பிளாஸ்டிக் சாக்கில் கட்டி, அதே மேட்டில் கொண்டுபோய்ப் புதைத்தார். கோணல் வாயோடு கடைக்குப் போக அவருக்குச் சம்மதமில்லை.

மேட்டைப் பூங்காவாக்கப் போகிறார்கள் என்ற பேச்சு கிளம்பியபோது லிங்கராஜ் நகராட்சியில் முதல் ஆளாகப் போய் நின்றார். மண்ணும் மரக்கன்றும் சிலையும் என் செலவு, பெயர் மட்டும் எங்கள் அய்யா பெயர் என்றார். சும்மா கிடைப்பதை யார் வேண்டாம் என்பார்கள்? சம்மதித்தார்கள். லிங்கராஜுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். கண்டக்டர் வாயில் 'மேடு' போய் 'பூங்கா' வரவேண்டும். அதற்காகச் சொத்தில் பாதியை எழுதிக் கொடுக்கவும் தயாராக இருந்தார்.

ஜேசிபி வந்து மேட்டைக் கலைத்து நிரவியது. அடியில் கிடந்தது மேலே வந்தது, மேலே கிடந்தது அடிக்குப் போனது. அதன்மேல் மண் போட்டு மூட வேண்டும்.

"செம்மண் அடிச்சிருவோம் அண்ணாச்சி. கரிசல் வேண்டாம், வெயில் ஏறினா வெடிச்சிரும்" என்றார் ஒப்பந்தக்காரர்.

"எங்க அய்யா நாகலாபுரத்துல பொறந்தவிய. அங்கன எங்க காட்டுல கரிசல் கெடக்கு. அவிய பேருல இருக்க எடத்துக்கு எவன் ஊரு மண்ணோ எதுக்கு? சொல்லுததச் செய்யும்" என்றார் லிங்கராஜ்.

கடலைமிட்டாய்க் கடை பிச்சை முகம்மது கேட்டுவிட்டுச் சிரித்தார். லிங்கராஜை ஒருமையில் பேசுகிற ஒரே சிநேகிதர் அவர்.

"ஏ லிங்கராசு, சித்திரையில கரிசல் வாயப் பொளக்கும்னு ஒனக்குத் தெரியாதா? ஆட்டுக்குட்டி கால் மாட்டிக் கெடந்து கத்தும்லா."

"அது நாதியத்த காட்டுல. நான் லாரி லாரியாத் தண்ணி ஊத்துவேன்."

"ஊத்து, ஊத்து. அப்படியே சூரியனுக்கும் ஒரு உத்தரவு போட்டுரு."

லிங்கராஜுக்குத் தெரியாமல் இல்லை. கரிசல் வெடிக்கும் என்பது இந்தச் சீமையில் தொட்டில் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் தன் அப்பா பெயர் எழுதிய இடத்தில் மண்கூடக் கொஞ்சம் மரியாதையாக நடந்துகொள்ளும் என்று அவர் மனதார நம்பினார். இதற்கு மடத்தனம் என்று பெயர் வைத்தால் மடையர்கள் கோபித்துக்கொள்வார்கள். இது திமிர்.

ஐப்பசி மழை பெய்தது. புல் பச்சைப்பசேலென்று எழுந்தது. திறப்பு விழா நடப்பதற்கு முன்பே ஊர் உள்ளே புகுந்துவிட்டது. நேற்றுவரை வண்டியை நிறுத்தாமலே பையை வீசிவிட்டுப் போனவர்கள், இன்று வெள்ளை ஷூ போட்டுக் கைவீசி நடந்தார்கள். 'என்னமா காத்து வருது' என்று நெஞ்சு நிறைய இழுத்தார்கள். இழுத்த மூச்சை விட்டதும் கையிலிருந்த சுண்டல் காகிதத்தையும் விட்டார்கள். பழக்கம் அவ்வளவு லேசில் போகுமா?

லிங்கராஜுக்கு அவர்களைக் கண்டாலே இளக்காரம். "தராதரம் கெட்ட பயலுக. இவனுகளுக்குப் பூங்கா ஒரு கேடு" என்பார். நடுவில் அய்யாவின் மார்பளவுச் சிலை, சுற்றிலும் வட்டமாகப் புல்தரை, அதன் விளிம்பில் 'காலணிகளைக் கழற்றிவிட்டு வரவும்' என்று ஒரு பலகை. கூட்டிப் பெருக்க வந்த பத்திரகாளிக்கு அந்தப் பலகையைக் காவல் காப்பதும் ஒரு வேலை. செருப்போடு ஒரு சிறுபிள்ளை புல்லில் கால் வைத்தாலும் லிங்கராஜ் தூரத்திலிருந்தே கத்துவார்: "ஏட்டி பத்திரகாளி, என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்குத? அது எங்க அய்யா நிக்குத எடம்!"

அவருடைய மனைவி ராஜமணி ஒருநாள் மெதுவாகச் சொன்னாள்: "தை மாசமே தெறப்பு விழாவ வச்சிருங்களேன். பச்சையா இருக்கையில முடிச்சிரலாம்லா."

"அய்யா செத்த நாளு சித்திரையில வருது. அன்னைக்குத்தான் வைக்கணும். ஒனக்கு ஒரு எழவும் தெரியாது, உள்ள போ."

ராஜமணி உள்ளே போனாள். முப்பது வருடமாக அவள் அப்படித்தான் உள்ளே போய்க்கொண்டிருக்கிறாள்.

பங்குனி முடிவதற்குள் புல் வைக்கோலாகிவிட்டது. சித்திரை பிறந்ததும் தரை வெடித்தது. முதலில் விரல் நுழைந்தது, பிறகு கையே நுழைந்தது. லாரித் தண்ணீரை ஊற்றினால் வெடிப்பு அதை மொடக் மொடக்கென்று குடித்துவிட்டுப் பழையபடி வாயைத் திறந்துகொண்டது. லிங்கராஜ் அசரவில்லை. விழாவன்று காலையில் சிலையைச் சுற்றிச் சிவப்பு விரிப்பைப் போட்டு மூடச் சொன்னார். மூடிவிட்டால் இல்லை என்று ஆகிவிடும். அய்யாவும் குப்பையை அப்படி நினைத்துத்தானே கொட்டினார்.

சென்னையிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்தார். நாதஸ்வரம் முழங்கியது. 'விரிப்பு இருக்கிறதே, நீங்கள் கழற்ற வேண்டாம்' என்று லிங்கராஜே குழைந்து அவரை ஷூவோடு அழைத்துப் போனார். தானும் கழற்றவில்லை. பெரிய மனிதர் பக்கத்தில் வெறுங்காலோடு நிற்க அவருக்குக் கூச்சம். ராஜமணி மட்டும் வழக்கம்போல வெறுங்காலில், பூத்தட்டோடு பின்னால் நின்றாள்.

அதிகாரி மாலையைத் தூக்கி ஒரு அடி வைத்தார். விரிப்போடு சேர்ந்து அவர் கால் கணுக்கால்வரை உள்ளே போனது. பிடித்து இழுத்தார்கள். கால் வந்தது, விரிப்பும் சுருண்டு வந்தது. கீழே வெடிப்பு பாளம் பாளமாகத் திறந்து கிடந்தது. உள்ளே ஒரு பிளாஸ்டிக் சாக்கு கிழிந்திருந்தது. சித்திரைக் காற்று ஒரு சுற்றுச் சுற்றியது. சாக்கிலிருந்து லேபிள்கள் கிளம்பின.

தலைப்பாகை, முறுக்கு மீசை, கன்னத்தில் உதடு. நூற்றுக்கணக்கான சிவனாண்டிகள் கோணல் வாயோடு பறந்தார்கள். ஒருவர் நாதஸ்வரத்தில் ஒட்டினார், ஒருவர் அதிகாரியின் ஷூவில் ஒட்டினார், சிலர் தங்கள் சிலையின் மேலேயே போய் மோதினார்கள். கூட்டம் முதலில் திகைத்தது. பிறகு பிச்சை முகம்மது ஒன்றைப் பிடித்து நிமிர்த்திப் பார்த்தார். "ஏ, நம்ம சிவனாண்டி அண்ணாச்சி! விழாவுக்கு நேருலயே வந்துட்டாவளே!" என்றார். அவ்வளவுதான், கூட்டம் உடைந்து சிரித்தது.

பத்திரகாளி விளக்குமாறோடு ஓடி வந்தாள். "அண்ணாச்சி, ஒங்க அய்யா மொகம்லா குப்பையோட வருது. கூட்டித் தள்ளவா, எடுத்து வைக்கவா?" என்று உண்மையாகவே கேட்டாள்.

லிங்கராஜுக்குக் கண் இருண்டது. குனிந்து கைநிறைய அள்ளி வெடிப்புக்குள் திணித்தார். காற்று திரும்பத் திரும்ப வெளியே தள்ளியது. கை போதவில்லை. எழுந்து காலால் தள்ளினார். அதுவும் போதாமல் ஓங்கி ஓங்கி மிதித்தார். "போ, உள்ள போ, உள்ள போ!" பளபளக்கும் கறுப்பு ஷூ அய்யாவின் தலைப்பாகையில், மீசையில், கோணிய உதட்டில் இறங்கி இறங்கி எழுந்தது.

சிரிப்பு நின்றுபோனது. அந்த அமைதியில் ரோட்டில் டவுன் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் குரல் தெளிவாகக் கேட்டது.

"சிவனாண்டி மேடு எறங்கு!"

லிங்கராஜின் கால் மிதித்தபடியே நின்றது. ராஜமணி பூத்தட்டோடு அருகில் வந்தாள். பலகையைப் பார்த்தாள், அவருடைய காலைப் பார்த்தாள்.

"செருப்பையாவது கழத்திட்டு மிதிச்சிருக்கலாம்" என்றாள்.

லிங்கராஜ் காலை எடுக்கவில்லை. எடுத்தால் அய்யாவின் முகம் தெரியும்.