தம்பி பக்கத்துப் புல்

யானைக்குப் பயந்து, கர்நாடகக் காட்டோர ராமாபுரத்தில் அண்ணன் தம்பி இருவர் தோட்டத்துக்கும் சேர்த்துப் போட்ட ஒரே சோலார் வேலி அது. எங்கே புல் வளர்ந்து கம்பியைத் தொட்டாலும் மொத்தக் கரண்டும் மண்ணில் இறங்கிவிடும். அண்ணன் செல்லக்கண்ணு தன் பக்கத்தை மொட்டைத்தலையாகச் செதுக்கி வைத்திருந்தார். பாகத் தகராறில் பேச்சு நின்றுபோன தம்பியின் பக்கம் இடுப்பளவு புல்.

"அதையுஞ் செதுக்கிப்போடுங்க," என்றாள் மனைவி நிர்மலா.

"அவன் புல்லுல நான் எதுக்குக் கை வெக்கோணும்? ஆனை வந்தா அவன் அனுபவிக்கட்டும்."

யானை விடிகாலையில் வந்தது. கரண்ட் செத்த கம்பியை அறுத்துக்கொண்டு செல்லக்கண்ணுவின் சுத்தமான பக்கமாகவே புகுந்தது. அங்கேதான் நிர்மலா அவரைக்காய் பறித்துக்கொண்டிருந்தாள்.

மைசூர் ஆஸ்பத்திரியிலிருந்து அவள் உடலைக் கொண்டுவந்து வாசலில் இறக்கினார்கள். செல்லக்கண்ணு அந்தப் பக்கம் திரும்பவில்லை. களைக்கொத்தோடு தம்பி பக்கம் போய் உட்கார்ந்து, செதுக்க ஆரம்பித்தார்.